எட்டணாக் கண்

பாலாற்றில் தண்ணீர் இல்லாத பங்குனி.
விருதம்பட்டுக்கு மேற்கே மணல்மேட்டில்
என்னை உட்கார வைத்தார்கள்.
முன்னால் ஒரு லாந்தர், அதன்மேல் கோணி.
நெருப்பைப் பார்த்தால் கோணியை எடு,
பார்க்காவிட்டால் சும்மா இரு.
கூலி எட்டணா.

சும்மா இருப்பதற்குக் காசு தரும் சர்க்காரை
அதற்குமுன் நான் கண்டதில்லை.

நூறு கெஜத்துக்கு அப்பால்
இரண்டு கால் ஊன்றிப் படுத்திருக்கிறது துப்பாக்கி.
ஒருதரம் அழுத்தினால் விரலை எடுக்கும்வரை சுடுமாம்.
அதன் வாயில்தான் தகராறு.
ராத்திரியில் முழ நீளம் நெருப்பு கக்குகிறது,
அடக்க இரும்பில் வாய்ப்பூட்டு செய்திருக்கிறார்கள்.
ஒன்று, மண்ணெண்ணெய் ஊற்றும் புனல் மாதிரி.
இன்னொன்று மேல்பக்கம் மட்டும் சீவிய குழாய்;
புகை மேலே பாய, மூக்கு எழும்பாமல் அமுங்குமாம்.

பகலில் இதையெல்லாம் காட்டியவன் தேசப்பன்,
கம்மவான்பேட்டைக்காரன், படுத்துச் சுடுகிறவன்.
போன சண்டையில் அவன் அண்ணன் பஸ்ராவில் செத்ததற்கு
வீட்டில் ஒரு வெண்கல வட்டம் இருக்கிறது.
"எதிரி கண்ணுக்குத் தெரியாம இருக்கவா இது?" என்றேன்.
"அது அப்புறம். மொதல்ல எனக்கு.
இருட்டுல சுட்டவன் கண்ண அவன் நெருப்பே அவிச்சிடும்.
கொஞ்ச நேரம் மாலைக்கண்காரன் மாதிரி தடவணும்."
நான் மண்ணைப் பார்த்தபடி தலையாட்டினேன்.

ஏனென்றால் எனக்கு மாலைக்கண்.

பேரணாம்பட்டுத் தோல்கிடங்கில், சுண்ணாம்புக் குழியில் நாலு வருசம்,
கூழும் பச்சைமிளகாயும்.
பொழுது சாய்ந்தால் உலகம் ஒரு நனைந்த கோணி.
சம்பூர்ணம் கையைப் பிடித்துத்தான் கொல்லைக்குக் கூட்டிப்போவாள்.
மணியக்காரருக்கு இது தெரியாது.
தெரிந்துமிருக்கலாம்;
நாலு பேர் வேண்டும் என்றார்கள்,
நான் அவருக்கு நாலணா பாக்கி.

அன்றிரவு சத்தம் வந்தது,
ஈர வேட்டியைக் கல்லில் அறைவதுபோல.
புனலுக்கு ஒரு சத்தம், குழாய்க்கு ஒரு சத்தம்.
காதால் பிரித்து எண்ணினேன், பதினெட்டுத் தரம்.
கோணியைத் தொடவில்லை.
மற்ற மூன்று லாந்தர் எத்தனை முறை எரிந்ததோ,
அதுவும் எனக்குத் தெரியாதே.
விடிந்ததும் தொரை கேட்டார், துபாஷி கேட்டான்.
"பார்க்கலைங்க."
சத்தியம்.
தாளில் என் பேருக்கு நேரே பதினெட்டு வட்டம்.

எட்டணாவில் நாலணா மணியக்காரருக்கு.
மிச்சத்தில் ஆட்டு ஈரல், வாரம் ஒரு துண்டு.
முருங்கைக்கீரை சும்மா கிடைத்தது.
சித்திரைக் கடைசியில் ஒரு சாயங்காலம்
சம்பூர்ணத்தின் மூக்குத்தி தெரிந்தது.
சொல்லவில்லை.
கையை விட்டுவிடுவாளே.

வைகாசியில் மறுபடி கூப்பிட்டார்கள்.
போன தடவை நன்றாகப் பார்த்தவன் என்று
என் பேரை முதலில் எழுதியிருந்தார் தொரை.
வழியில் மணியக்காரர் சொன்னார்:
"தொரைக்குப் புனல் புடிச்சிருக்கு. பார்த்து நடந்துக்கோ."

அதே மேடு. அதே கோணி.
முதல் வேட்டுக்கே தெரிந்தது,
ஒரு கத்திரிப்பூ அளவுக்கு, நீலமும் சிவப்புமாய்.
அதற்குப் பின்னால், இமைக்கிற நேரம்,
பாதி முகம், கடித்த உதடு:
தேசப்பன்.
அவ்வளவு தூரத்தில் எப்படி என்று கேட்காதீர்கள்.
எனக்குத் தெரிந்தது.

கோணியை எடுத்தேன்.
எடுத்த பிறகுதான் பார்த்தேன்,
கரை நெடுக வேறு லாந்தரே இல்லை.
ஆற்றில் அன்று ராத்திரி
என்னுடையதுதான் பெரிய வெளிச்சம்.

"கண் பழுது" என்று எழுதி
என் பேரை அடித்துவிட்டார்களாம். துபாஷி சொன்னான்.

லாரி ஏறுமுன் தேசப்பன் வந்தான்.
"நெஜமாவே தெரிஞ்சுதா?"
"நீ தெரிஞ்சே."
நின்றான். எனக்கொரு பீடி, அவனுக்கொன்று.
தீக்குச்சியைக் கிழித்து
இரண்டு கையாலும் குவித்து மூடிக்கொண்டான்,
காற்றே இல்லாத
பட்டப்பகலில்.